நீலக் கலம் கண்ட ஜோசையா ஸ்போடு

உண்கலத்தின் கடன் உணவை ஏந்துவது. அதற்கு ஓவியம் எதற்கு என்று வினவுவாரும் உளர். ஆயினும், சற்றேறக்குறைய இருநூறு ஆண்டுகட்கு முன்னர் இங்கிலாந்து நாட்டின் நடுத்தரக் குடும்பம் ஒன்றின் இல்லத்துள் நாம் நுழைந்திருப்போமாயின், உணவறைச் சுவரை ஒட்டிய மரப்பலகையில் வெண்ணிறத் தட்டுகள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருத்தலைக் கண்டிருப்போம். ஒவ்வொரு தட்டின் நடுவிலும் நீல நிறத்தில் ஒரு காட்சி விளங்கும். ஒன்றில் உரோமாபுரியின் ஆற்றுப் பாலம்; மற்றொன்றில் இலண்டன் மாநகரின் மாளிகை வரிசை; வேறொன்றில் கடல் கடந்த நியூயார்க் நகரம். தம் ஊருக்கு இருபது கல் அப்பால் சென்றறியாத மக்களும் அத்தட்டுகளில் உணவு பரிமாறி உண்டனர். உணவு குறையக் குறைய அதன் அடியிலிருந்து கோபுரமும் பாலமும் மெல்லத் தோன்றின. தொலைநாட்டு நகரங்களை இவ்வாறு உணவு மேசைக்குக் கொணர்ந்த தொழிலுக்கு வழி வகுத்தவருள் தலையாயவர் ஜோசையா ஸ்போடு என்னும் குயவர். வியப்பு யாதெனின், அவருடைய பட்டறையிலிருந்து உரோமாபுரி தீட்டிய தட்டு வெளிவந்தது அவர் மறைந்த பின்னரே ஆகும்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஸ்டாபோர்டுஷயர் என்னும் மாவட்டம் உள்ளது. அதன் வடபகுதியில் களிமண்ணும் நிலக்கரியும் அருகருகே கிடைத்தமையால், குயத்தொழில் அங்கே நெடுங்காலமாகச் செழித்து வளர்ந்தது. புட்டி வடிவாக ஓங்கி நின்ற சூளைகளின் புகை அவ்வூர்களின் வானத்தை ஓயாது மறைத்தது. இன்று ஸ்டோக் நகரத்துள் அடங்கிவிட்ட ஒரு சிற்றூரில், 1733-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் ஸ்போடு பிறந்தார். அவர் ஆறு வயதுச் சிறுவராக இருந்தபோது தந்தையார் இறந்தார். அடக்கம் செய்வதற்கும் பொருளில்லாத வறியவர் அவர். ஏழையருக்குரிய புதைகுழியிலேயே அவர் உடல் அடக்கம் பெற்றது. தந்தையை இழந்த சிறுவருக்குப் பள்ளியைவிடப் பட்டறையே அண்மையில் இருந்தது.

1749-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், பதினாறு வயது நிரம்பிய ஸ்போடு, தாமஸ் வீல்டன் என்னும் புகழ்பெற்ற குயவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். வீல்டன் தம் ஆட்களைப் பற்றிய குறிப்புகளை ஒரு சிறு ஏட்டில் எழுதி வைத்திருந்தார். அவ்வேடு அழியாது இன்றும் உள்ளது. அதன்படி, முதலாண்டில் ஸ்போடுக்கு வாரக் கூலி 2 ஷில்லிங் 3 பென்ஸ். தகுதி உடையவராகக் காணப்பட்டால் 2 ஷில்லிங் 6 பென்ஸ். தகுதிக்குக் கிடைக்கும் மிகுதி மூன்றே பென்ஸ்! மூன்றாம் ஆண்டில் அக்கூலி 3 ஷில்லிங் 3 பென்சாக உயர்ந்தது. பிற்காலத்தில் அரச குடும்பத்தாருக்கே கலம் செய்து அளித்த ஒரு குலத்தின் வரலாறு, இந்தச் சில்லறைக் கணக்கில்தான் தொடங்குகின்றது.

வீல்டனின் பட்டறை பெருங் கல்வி நிலையம் போன்றது. ஆமையோட்டின் நிறம் காட்டும் மெருகுக்கு அது பெயர் பெற்றிருந்தது. மண்ணைப் பிசைதல், சக்கரத்தில் வனைதல், அச்சில் வார்த்தல், மெருகு கூட்டுதல், சூளையின் வெம்மையைக் கண்ணாலேயே அளவிடுதல் ஆகிய அனைத்தையும் ஸ்போடு அங்கே கற்றார். 1754-ஆம் ஆண்டில் அப்பட்டறைக்கு மற்றொரு ஜோசையா வந்தார். அவரே பின்னாளில் உலகப் புகழ் எய்திய ஜோசையா வெட்ஜ்வுட். அவர் ஸ்போடைவிட மூன்று ஆண்டு மூத்தவர். வழிவழியாகக் கலம் வனைந்த குடியிற் பிறந்தவர். வீல்டனுக்குக் கூட்டாளியாகவே வந்தார். ஸ்போடோ கூலி பெற்றுத் தொழில் பழகியவர். ஒரே கூரையின்கீழ் இருவரும் இருந்தனர் என்பதை எண்ணுங்கால், அந்தக் கூரையின் பெருமையை என்னென்பது!

அதே 1754-ஆம் ஆண்டில் ஸ்போடு, எல்லன் பின்லி என்னும் நங்கையை மணந்தார். எல்லன் ஊசி, நூல், நாடா முதலிய சிறு பொருள்களை விற்கும் கடை ஒன்றை நடத்தி வந்தார். கணவர் களிமண்ணோடு போராடிய காலத்தில் இல்லத்திற்கு அக்கடை ஒரு துணையாயிற்று. வரலாறு எழுதுவோர் சூளையைப் பற்றிப் பல பக்கம் எழுதுவர்; இந்நாடாக் கடையை ஒரு வரியில் கடந்து செல்வர். இது முறையன்று என்பது என் கருத்து. மறு ஆண்டில் அவர்களுக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. அதற்கும் ஜோசையா என்றே பெயரிட்டனர்.

பின்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஸ்போடு பிறரிடம் பணிபுரிந்தும், கூட்டாளிகளுடன் சேர்ந்து தொழில் நடத்தியும் வந்தார். 1776-ஆம் ஆண்டில், தம் நாற்பத்து மூன்றாம் வயதில், பேங்க்ஸ் என்பவருடையதாக இருந்த ஸ்டோக் நகரத்துப் பட்டறையைத் தமக்கு உரிமையாக்கிக் கொண்டார். காலமும் அவருக்குத் துணை நின்றது. டிரெண்டு ஆற்றையும் மெர்சி ஆற்றையும் இணைக்கும் கால்வாய் மறு ஆண்டில் முடிவுற்றது. மேடுபள்ளமான சாலையில் குதிரை முதுகில் ஏற்றிச் சென்றபோது உடைந்து வீணான கலங்கள், இனி அமைதியான நீரில் படகேறி லிவர்ப்பூல் துறைமுகம் சேரலாயின. 1778-ஆம் ஆண்டில் ஸ்போடின் மைந்தர் இலண்டன் மாநகரில் ஒரு விற்பனைக் கடையைத் தொடங்கினார். ஆக்குவோர் தந்தையார்; விற்போர் மைந்தர்; இருவருக்கும் இடையே நூற்றைம்பது கல் தொலைவு. தலைநகரத்து மக்கள் எதனை விரும்புகின்றனர் என்னும் செய்தி சூளையடிக்கு விரைவில் எட்டியதற்கு இந்த ஏற்பாடே காரணம்.

அவர்கள் விரும்பியது நீலம். சீன நாட்டிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் வந்த வெள்ளைப் பீங்கான்களில் நீல நிறத்தால் மலையும் மரமும் மண்டபமும் தீட்டப்பட்டிருந்தன. செல்வர் இல்லங்களில் அவை பெருமைக்குரிய பொருள்களாக விளங்கின. மற்றையோருக்கும் அவற்றின்மீது ஆசை இருந்தது. வாங்குதற்குப் பொருள்தான் இல்லை. உள்நாட்டுக் குயவர் அவற்றைப் போலக் கையால் தீட்ட முயன்றனர். ஆனால், நூறு தட்டுகள் கொண்ட ஒரு விருந்துத் தொகுதியில் நூறு தட்டிலும் ஒரே காட்சியைத் தீட்ட எத்தனை ஓவியர், எத்தனை நாள் வேண்டும்! ஐம்பதாவது தட்டில் ஓவியரின் கை சலித்துவிடும், மரம் சாயும், மண்டபம் கோணும்.

செப்புத் தகட்டிலிருந்து தாளில் படம் எடுத்து, அத்தாளிலிருந்து கலத்திற்கு மாற்றும் முறையை ஆங்கிலேயர் முன்பே அறிந்திருந்தனர். லிவர்ப்பூல் நகரில் சாட்லர், கிரீன் என்னும் இருவர் 1756-ஆம் ஆண்டளவிலேயே இம்முறையில் வல்லவராயிருந்தனர். வெட்ஜ்வுட்டும் தம் கலங்களை அவர்களிடம் அனுப்பிப் படம் ஏற்றிக்கொண்டார். ஆயினும் அம்முறையில் ஒரு குறை இருந்தது. மெருகிட்டுச் சுட்ட கலத்தின் மேற்புறத்தில் அப்படம் பதிந்தமையால், நாள்தோறும் கத்தியும் முள்ளும் உராய, படம் தேய்ந்தது. படம் மெருகின் அடியில் இருந்தாலன்றி நிலைக்காது. விலை உயர்ந்த மென்பீங்கானில் இதனைச் செய்து காட்டிய தொழிற்சாலைகள் சில இருந்தன. அவற்றுள் ஒன்று ஷ்ராப்ஷயர் மாவட்டத்துக் காப்லி என்னும் ஊரில் தாமஸ் டர்னர் நடத்தியது. எளிய மண்கலத்தில், பலரும் வாங்கத்தக்க விலையில், அதனைக் குறைவறச் செய்தல் இயலுமா? ஸ்போடு எடுத்துக்கொண்ட வினா இதுவே.

அவர் காப்லியிலிருந்து தாமஸ் லூக்கஸ் என்னும் செதுக்குநரையும், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் என்னும் அச்சாளரையும் தம் பட்டறைக்கு வருவித்துக்கொண்டார். தொழில் நுட்பங்களை மறைபொருளாகக் காத்த காலம் அது. பிறர் பட்டறையில் பழுத்த அறிவைத் தம் பட்டறைக்கு அழைத்துக்கொள்ளுதல் அறமாகுமா என்று ஐயுறுவார் உளராகலாம். டர்னருக்கு அஃது இழப்பே என்பதில் ஐயமில்லை. ஆனால் கைவினைஞரும் கூலி பெறுவோரே. மூன்று பென்ஸ் மிகுதிக்குக் காத்திருந்த ஒருவரே அவர்களை அழைத்தார் என்பதையும் நாம் மறத்தலாகாது. 1784-ஆம் ஆண்டளவில் அவர்களுடைய முயற்சி கைகூடிற்று.

அம்முறையைச் சிறிது விரிவாக அறிதல் வேண்டும். முதலில் செதுக்குநர் செப்புத் தகட்டில் கூரிய கருவிகொண்டு கோடுகளும் புள்ளிகளுமாகக் காட்சியைச் செதுக்குவார். ஆழமாகச் செதுக்கிய இடம் மிகுதியான மையை ஏற்கும். அவ்விடம் கருநீலமாகத் தோன்றும். மேலோட்டமான கோடு இளநீலமாகும். ஒரே நிறத்தில் வானும் நீரும் நிழலும் வேறு வேறாகத் தோன்றுவது இவ்வேறுபாட்டினாலேயே. ஒரு தகட்டை முடிப்பதற்கு வாரக்கணக்கில் நாள் செல்லும். பின்னர் அத்தகட்டை அடுப்பின்மேல் வைத்துச் சூடேற்றி, கோபால்ட் என்னும் கனிமப் பொடியை எண்ணெயோடு குழைத்த மையைத் தேய்த்து நிரப்புவர். மிகுதியை வழித்துத் துடைத்துவிட்டு, சவர்க்கார நீரில் நனைத்த மெல்லிய தாளை மேலே விரித்து, உருளை அழுத்தியில் செலுத்துவர். தாளில் படம் ஏறிவிடும்.

அத்தாளைப் பெற்ற சிறுமி ஒருத்தி கத்தரிக்கோலால் வேண்டாத ஓரங்களை வெட்டி நீக்குவாள். பின்னர்ப் பெண் ஒருத்தி, ஒருமுறை சுட்டு இன்னும் மெருகிடாத கலத்தின்மேல் அதனைப் பொருத்தி, கெட்டித் தூரிகையால் அழுந்தத் தேய்ப்பாள். நடுக்காட்சி ஒரு தாள். ஓரத்துப் பூவேலை வேறு தாள். ஓரத்தாளின் இரு முனைகளும் கூடும் இடத்தில் பூ பாதியில் நிற்பதை உற்று நோக்குவோர் இன்றும் பழைய தட்டுகளில் காணலாம். கலத்தைத் தண்ணீரில் அமிழ்த்தியவுடன் தாள் கரைந்து நீங்கும். எண்ணெய் கலந்த மையோ நீருக்கு அஞ்சாமல் கலத்திலேயே ஒட்டி நிற்கும். எண்ணெயைப் போக்குவதற்கு ஒருமுறை மென்தீயில் சுடுவர். அதன்பின் கலத்தை மெருகுக் குழம்பில் தோய்த்து மீண்டும் சூளையில் அடுக்குவர். சூளைக்குள் செல்லும்போது படம் நீலமன்று, மங்கிய கருமை. கண்ணாடிபோல் மெருகு உருகிப் படியும் வெம்மையிலேதான் கோபால்ட் தன் நீலத்தைக் காட்டுகின்றது. அக்காலத்தில் அத்தீயைத் தாங்கி நின்று தெளிவான படம் தந்த நிறம் அது ஒன்றே. நீலத்தை மக்கள் விரும்பினர்; தீயும் நீலத்தையே விட்டுவைத்தது.

ஓலையில் எழுதியதைச் செல் அரிக்கின்றது. தாளில் அச்சிட்டது பழுத்து உதிர்கின்றது. மெருகின் அடியில் அச்சிட்ட இப்படமோ, கலம் உடையும் வரை அழிவதில்லை. உடைந்தாலும் ஒவ்வொரு துண்டிலும் தங்கியிருக்கின்றது. மண்ணைத் தோண்டுவோர் கையில் அகப்படும் நீலச் சில்லுகள் இதற்குச் சான்று.

முயற்சி கைகூடிய நேரமும் நல்ல நேரம். அதே 1784-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் தேயிலை மீதிருந்த வரியை நூற்றுக்கு 119 வீதத்திலிருந்து 12½ வீதமாகக் குறைத்தது. தேநீர் பருகுவோர் தொகை பெருகிற்று; கோப்பையும் தட்டும் கேட்போர் தொகையும் உடன் பெருகிற்று. 1791-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி சீனப் பீங்கானைப் பெருந்தொகையாக இறக்குமதி செய்வதை நிறுத்திற்று. பழைய சீனத் தொகுதியில் ஒரு தட்டு உடைந்தால், அதற்கு ஈடு தேடி மக்கள் ஸ்போடின் இலண்டன் கடைக்கே வந்தனர். தொடக்கத்தில் அவர் அச்சிட்ட காட்சிகள் சீன நாட்டுக் காட்சிகளைத் தழுவியனவாக இருந்ததற்கும் இதுவே காரணம்.

இத்தொழிலின் ஒளியை மட்டும் கூறி அமைதல் நேர்மையாகாது. மெருகுக் குழம்பில் ஈயம் கலந்திருந்தது. நாள் முழுதும் அதில் கை தோய்த்தோருடைய உடலில் நஞ்சு ஏறிற்று. பலர் கை கால் விழுந்து நொந்தனர். கத்தரிக்கோல் பிடித்த சிறுமியர் படிக்க வேண்டிய பருவத்தினர். இவை ஒரு பட்டறையின் குற்றமல்ல. ஸ்டாபோர்டுஷயர் முழுதும் நிலவிய வழக்கம். ஈயத்தின் கொடுமையைச் சட்டத்தால் கட்டுப்படுத்த மேலும் நூறாண்டு கடக்க வேண்டியிருந்தது. வறுமையின் புதைகுழியைக் கண்ட சிறுவரே பட்டறைத் தலைவரான பின்னும், தலைவர் மாறினாரே அன்றி வழக்கம் மாறவில்லை.

தம் இறுதி ஆண்டுகளில் ஸ்போடு, எலும்புச் சாம்பலைச் சீனக் களிமண்ணோடும் கல்லோடும் கூட்டி, ஒளி ஊடுருவும் வெண்பீங்கான் செய்யும் ஆய்வில் ஈடுபட்டிருந்தார். அதனை நிறைவுறச் செய்து விற்பனைக்குக் கொணர்ந்தவர் மைந்தர். 1797-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அறுபத்து நான்காம் வயதில் ஸ்போடு மறைந்தார். இலண்டனிலிருந்து மைந்தர் ஸ்டோக் திரும்பிப் பட்டறைப் பொறுப்பை ஏற்றார். 1806-ஆம் ஆண்டில் இளவரசரே அப்பட்டறைக்கு வந்து கண்டு, தமக்குரிய பீங்கான் தொழிலாளராக அவரை அமர்த்தினார்.

சீனக் காட்சி மக்களுக்குச் சலித்த காலம் அது. பிரெஞ்சு நாட்டோடு மூண்ட போரினால் ஆங்கிலேயர் இத்தாலிக்கும் கிரேக்கத்துக்கும் பயணம் செய்தல் அரிதாயிற்று. செல்ல இயலாத நகரங்களைப் படத்திலேனும் காண விரும்பினர். மெரிகோ என்பவர் உரோமாபுரியின் காட்சிகளைச் செதுக்கி வெளியிட்ட நூலொன்று கிடைத்தது. 1811-ஆம் ஆண்டளவில் ஸ்போடு பட்டறையினர் அதிலிருந்து டைபர் ஆற்றின் பாலத்தையும், ஏட்ரியன் வேந்தன் கல்லறையாக எழுந்து பின்னர்க் கோட்டையாக மாறிய வட்டக் கட்டடத்தையும் எடுத்தனர். வேறொரு பக்கத்திலிருந்து டிராஜன் வேந்தன் வெற்றித் தூணையும் எடுத்தனர். இரண்டையும் ஒரே தட்டில் இணைத்தனர். உண்மையில் அத்தூண் ஆற்றங்கரையில் இல்லை. நகரின் உட்புறத்தில் நெடுந்தொலைவில் நிற்கின்றது. செதுக்குநர் கையில் ஒரு பேரரசனின் தூண் ஆற்றங்கரைக்குப் பெயர்ந்து வந்துவிட்டது. தட்டின் வட்டம் நிரம்ப வேண்டுமென்பது அவர் கவலை. உரோமாபுரியைக் காணாதோர் குறை கூறப் போவதில்லை என்பது அவர் துணிவு. 1816-ஆம் ஆண்டில் வெளிவந்த இத்தாலியக் காட்சியோ இன்னும் ஒருபடி மேற்சென்றது. இடிந்த மண்டபமும் ஆறும் ஆடு மேய்ப்போரும் கொண்ட அக்காட்சி எவ்விடத்தது என்று எவராலும் சுட்ட இயலவில்லை; பலவிடத்துப் படங்களைக் கூட்டி இயற்றிய கற்பனை ஊர் அது. அதன் ஓரமோ கீழைநாட்டுப் பூவேலை. எனினும் அப்பட்டறையின் தட்டுகளுள் மிகுதியாக விற்றது அதுவே.

நம் நாட்டுக்கும் இத்தட்டுகளோடு ஒரு தொடர்பு உண்டு. வங்காளத்தில் பணிபுரிந்த வில்லியம்சன் என்னும் படைத்தலைவர் 1807-ஆம் ஆண்டில் வெளியிட்ட வேட்டை நூலின் படங்களை எடுத்து, யானை மீதமர்ந்து புலி வேட்டையாடும் காட்சிகளை ஸ்போடு பட்டறை அச்சிட்டது. பெரிய தட்டுக்கு ஒரு காட்சி, சிறிய தட்டுக்கு வேறொன்று, கிண்ணத்துக்கு மற்றொன்று. கலத்தின் அளவு மாறுந்தோறும் புதிய தகடு செதுக்கியே ஆக வேண்டும். செதுக்குவதைப் புதிய காட்சியாகவே செதுக்கினால் என்ன என்று எண்ணினர் போலும். பல காட்சிகள் கொண்ட தொகுதிகள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஸ்போடு செம்மை செய்த முறை விரைவில் மாவட்டம் முழுதும் பரவிற்று. பட்டறைகள் பல நகரக் காட்சிகளையே தொகுதி தொகுதியாக வெளியிட்டன. ஈனாக் வுட் என்பார் இலண்டன் காட்சிகளை அச்சிட்டார். ரிட்ஜ்வே உடன்பிறந்தார் அமெரிக்காவின் அழகுகள் என்னும் பெயரில் நியூயார்க் நகர மன்றம் முதலிய கட்டடங்களைத் தட்டுகளில் ஏற்றினர். ஆண்ட்ரூ ஸ்டீவன்சன், புரூக்ளின் மேட்டிலிருந்து தோன்றும் நியூயார்க் நகரத்தை அச்சிட்டார். இங்கிலாந்தை எதிர்த்து இருமுறை போர் செய்த நாட்டின் நகரங்களை ஆங்கிலேயரே கருநீலத்தில் அச்சிட்டு, அந்நாட்டு மக்களுக்கே கப்பலேற்றி விற்றனர். வணிகத்திற்கு நெடுநாட் பகை ஏது? பிறர் செதுக்கிய படங்களை உரிமை கேளாது எடுத்தாளும் வழக்கம் அன்று தடையின்றி நடந்தது. 1842-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின்பின் அது குறைந்தது.

ஸ்டோக் நகரில் ஸ்போடு வாங்கிய அதே இடத்தில் அவர் தொடங்கிய தொழில் 230 ஆண்டுகளுக்கு மேல் நடைபெற்றது. 2008-ஆம் ஆண்டில் நிறுவனம் நொடித்து, சூளைகள் அணைந்தன. மறு ஆண்டில் அப்பெயரை வேறொரு நிறுவனம் வாங்கிற்று. 2016-ஆம் ஆண்டில் அந்த இத்தாலியக் காட்சித் தட்டுக்கு இருநூறாண்டு நிறைந்தபோதும் அது செய்யப்பட்டு வந்தது. பட்டறை மூடப்பட்டபோது அதனுள் எஞ்சியிருந்த பொருள்களுள், செதுக்கிய செப்புத் தகடுகள் பல்லாயிரம். டைபர் ஆறும், வங்காளத்துப் புலியும், ஊர் பேர் தெரியாத அந்த மண்டபமும் அத்தகடுகளில் இடவலம் மாறிய வடிவில் இன்னும் உள்ளன.